பேண்டஸி காதல் நாவல்ல விழுந்தவங்க எல்லாம் வாங்க, உங்க அனுபவத்தச் சொல்லுங்க

ரங்கூன் மருமக:

நானே ஆரம்பிக்கிறேன். சீனத்து நாவல பர்மா பாஷைல மாத்தி அத்தியாயம் அத்தியாயமா போடுறாங்கல்ல, அந்த ரகம். நாம எல்லாம் ஸ்கூல் படிச்சது பர்மா பாஷைலதான், தமிழ் கோயில் கிளாஸோட சரி, அதனால கண்ணால படிக்கிறது அதுல, வாயால சொல்றது தமிழ்ல. யாருக்குச் சொல்றேன்னா எங்க அத்தைக்கு, அதாங்க மாமியார். கரண்ட் போயிட்டா சீரியல் கிடையாது, ஃபேன் கிடையாது, விசிறிய எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்து "அந்த தேவலோகத்துப் பய என்னடி ஆனான்"னு ஆரம்பிச்சிருவாங்க. பவர் பேங்க்ல சார்ஜ் இருக்கான்னு என்னை விட அவங்கதான் அடிக்கடி செக் பண்றாங்க.

கதை இதான். ஹீரோ சாகாவரம் வாங்குன தேவன், ஏதோ தண்டனைன்னு பூமிக்கு வந்து மனுஷனாப் பொறக்குறான். ஹீரோயின் மூலிகை விக்கிற பொண்ணு. காதல், கல்யாணம், அப்புறம் அவன் செத்துப் போறான், அவனுக்குச் சாவுன்னா மேல திரும்பிப் போறது, அவ்வளவுதான், அப்புறம் இவளும் செத்துர்றா, இவளுக்குத்தான் நிஜச் சாவு. சீனாக்காரங்க நம்பிக்கைல செத்தவங்க நைஹெ பாலத்தத் தாண்டணும், அங்க மெங் போன்னு ஒரு கிழவி சூப் குடுப்பா, அதக் குடிச்சா போன ஜென்மம் மொத்தமா மறந்துரும், அப்புறம்தான் மறுபொறப்பு. இவ குடிக்காம வாயில வெச்சிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்த் துப்பிர்றா. இங்கயே அத்தை "அப்படிப் போடு"ன்னு தொடையில ஒரு தட்டு தட்டுனாங்க, என் தொடையில.

அப்புறம் இவ மேலோகத்துல வேலைக்காரியாப் போய்ச் சேர்றா. அவன் அந்த சூப்பக் குடிச்சவன், அதனால அவனுக்கு இவளச் சுத்தமாத் தெரியல. டீ ஊத்துறா. பூமியில இருந்தப்போ அவனுக்கு ஒரு பழக்கம், மொத கப்ப எப்பவும் அவ பக்கம் தள்ளி வெச்சிட்டுத்தான் ரெண்டாவத எடுப்பான். இப்பவும் மொத கப்ப எதுத்தாப்ல யாருமே இல்லாத எடத்துக்குத் தள்ளி வெக்கிறான், வெச்சிட்டு எதுக்கு வெச்சோம்னு தெரியாம கப்பையே பாத்துக்கிட்டு இருக்கான். எழுதுனவங்க அழுகை கிழுகைன்னு ஒரு வரி போடல, அதோட அத்தியாயம் ஓவர். நான் படிச்சிக் காட்டி முடிச்சதும் அத்தை ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "சூப்பு மறக்கடிச்சது மூளையத்தானே, கைய இல்லையே"ன்னாங்க. இத விட நல்ல விமர்சனம் நான் எங்கயும் படிக்கல, சத்தியமா.

பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மாவும் சில நாள் வந்து உக்காருவாங்க. கேட்டுட்டு "இதுக்கு ஏன் சீனா வரைக்கும் போற, நம்ம போப்பா அம்மா இல்லையா"ன்னாங்க. அனவ்ரதா ராஜா 1044லேருந்து 1077 வரைக்கும் பகான்ல ஆண்டவரு இல்லையா, அவருக்குப் போப்பா மலையிலேருந்து தெனம் பூ கொண்டாற வேலைக்காரன் பியாட்டா, இந்தியாவுலேருந்து கப்பல் ஒடஞ்சி கரை ஒதுங்குனவன். மலைல பூவ மட்டுமே தின்னு வாழுற ஒரு ராட்சசி, அவதான் போப்பா அம்மா, ரெண்டு பேருக்கும் காதல், பூ லேட்டாக ஆரம்பிச்சுது, ராஜா கொன்னுட்டாரு. அவ மனசு ஒடஞ்சே செத்துட்டா. அவங்க ரெண்டு பசங்களும் அரண்மனைல வளந்து, தௌங்பியோன் பகோடா கட்டுறப்போ ஆளுக்கொரு செங்கல் வெக்கலன்னு அதே ராஜா கையால செத்தாங்க, அந்த ரெண்டு செங்கல் எடம் இன்னைக்கும் காலியாத்தான் கெடக்கு. நான் போப்பா போயி 777 படி ஏறி, கொரங்குகிட்ட பொரி பொட்டலத்தப் பறிகுடுத்து, பச்ச ராட்சசி தலைய கிரீடமா வெச்ச அந்தம்மா சிலையக் கும்பிட்டும் இருக்கேன், இப்படி ஒரு ரொமான்ஸ் ஹீரோயின்னு தோணவே இல்ல. அத்தைக்கு ராஜா மேல இன்னும் கோவம் தீரல, "பூவு கொஞ்சம் லேட்டா வந்தா என்ன குடியா முழுகிப் போச்சு."

மோல்மேன் தம்பி:

அக்கா, நான் ஆம்பள, ஆனாலும் படிப்பேன், டீக்கடைல உக்காந்து படிச்சா பசங்க மேட்ச் ஸ்கோர் பாக்குறேன்னு நெனச்சிக்குவாங்க. எங்கம்மா வாடகைப் புத்தகக் கடைல எடுத்து எடுத்துப் படிச்ச ஆளு, அதோட வேலதான் இது. எனக்கு ஒரு கம்ப்ளைன்ட் இருக்கு. இந்தச் சீன நாவல்ல எவனப் பாத்தாலும் ஆயிரம் வருஷம் காத்திருந்தேன், பத்தாயிரம் வருஷம் காத்திருந்தேன்னு சொல்லிக்கிட்டே இருக்கான், ஒரு எஃபெக்ட்டும் இல்ல. புத்தரோட போன ஜென்மங்களச் சொல்ற ஜாதகக் கதைல கின்னர ஜோடி ஒண்ணு வரும், பாதி மனுஷன் பாதி பறவை, ஆத்துல வெள்ளம் வந்து ஒரே ஒரு ராத்திரி அந்தக் கரைல ஒண்ணு இந்தக் கரைல ஒண்ணுன்னு மாட்டிக்கிச்சுங்க, அத நெனச்சி நெனச்சி 697 வருஷமா அழுதுக்கிட்டு இருக்குங்க. பிரிஞ்சது ஒரு ராத்திரி. அதுல இருக்குற காதல் இவனுங்க பத்தாயிரத்துல இல்ல. இன்னொண்ணு, நான் படிச்சிட்டிருந்தத மொழிபெயர்த்தவரு முத்தக் காட்சிக்கு முந்தின பக்கத்துல நிறுத்திட்டு ஆளே காணோம், அவரு நல்லா இருக்கட்டும்.

துவன்னா அக்கா:

எல்லாரும் அந்த ஐஸ் மூஞ்சி ஹீரோவையே கொண்டாடுங்க. மூணு பாகமும் அவளுக்குக் கொடை புடிச்சிக்கிட்டே வர்ற நரி வம்சத்துப் பையன் ஒருத்தன் இருப்பானே, அவனக் கட்டிக்கிட்டா முப்பது அத்தியாயத்துல கதை முடிஞ்சி எல்லாரும் நிம்மதியாத் தூங்கிருப்போம். எனக்கு எப்பவுமே செகண்ட் ஹீரோதான்.

ரங்கூன் மருமக:

தம்பி, அத்தைக்கு உன் கமெண்ட்டப் படிச்சிக் காட்டுனேன். அந்தக் கின்னர ஜோடி இப்ப ஒண்ணாத்தான் இருக்கா, இல்ல இன்னும் அக்கரை இக்கரையான்னு கேக்குறாங்க, ஒண்ணாத்தான்னு சொன்னதுக்கு "அப்ப எதுக்கு அழுவணும், சோறாக்கித் தின்னுட்டு இருக்கலாமே"ங்குறாங்க. அக்கா, நரிப் பையன் விஷயத்துல அவங்க உங்க கட்சி. முடிவு தெரிஞ்சவங்க யாரும் இங்க போட்டுராதீங்க, இன்னும் ரெண்டாம் பாகம் பாதிதான் ஆகியிருக்கு.