ஏஐ வீடியோ கிளிப்பை எங்கே விக்கலாம்? 52 நிராகரிப்புக்கு அப்புறம் கேக்குறேன்

நிழல்தேடி:

வணக்கம். ஆறு வருஷமா எடிட்டிங்தான் என் வேலை. அடுத்தவங்க எடுத்து விற்பனைக்கு வெச்சிருக்கிற ஸ்டாக் கிளிப்பை வாங்கி டைம்லைன்ல ஒட்டிக்கிட்டு இருந்தவ நான். போன நாலு மாசமா ராத்திரியில உக்காந்து ஏஐ கருவியில நானே கிளிப் செஞ்சு பழகுறேன். ஹார்ட் டிஸ்க்ல இப்போ 140 கிளிப் சேர்ந்திருக்கு. கடல், மேகம், மழை வழியுற கண்ணாடி, படியேறுற கால், ஆளே இல்லாத ஆபீஸ். எல்லாமே டெட்லைன் நேரத்துல நான் தேடிக் கிடைக்காம தவிச்ச ஷாட்கள். அதனாலதான் யாருக்காவது உதவும்னு நம்பிக்கையா இருக்கேன்.

ஒரு தளத்துல 60 கிளிப்பை ஒரே நாள்ல ஏத்தினேன். ஏஐ பத்தி அவங்க விதி என்னன்னு படிக்கல. ரெண்டு நாள்ல 52 நிராகரிப்பு. மறுபடி இப்படி நடந்தா கணக்கை முடக்கிடுவோம்னு ஒரு எச்சரிக்கை வேற. காரணம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை.

ஏஐன்னு வெளிப்படையா சொல்லியே விக்க எந்தத் தளம் சரி? ஒரே இடத்துல போடணுமா, நாலு இடத்துல போடணுமா? அப்புறம், இந்தக் கிளிப் சட்டப்படி என்னோடதுதானா?

முக்காலி:

சகோதரி, மிச்சம் இருக்கிற 80 கிளிப்பையும் இப்போதைக்கு எங்கேயும் ஏத்தாதீங்க. இன்னொரு எச்சரிக்கை வந்தா தாங்காது. நான் பத்து வருஷமா கேமரா ஃபுட்டேஜ் விக்கிறேன், ஒண்ணரை வருஷமா ஏஐ கிளிப்பும் சேர்த்து.

எல்லாரும் முதல்ல கமிஷனைத்தான் பார்ப்பாங்க. நீங்க முதல்ல விதியைப் பாருங்க. கெட்டி இமேஜஸ் 2022 செப்டம்பர்லயே ஏஐ படைப்பு வேண்டாம்னு சொல்லிடுச்சு. ஐஸ்டாக் அவங்களோடதுதான், அங்கேயும் அதே நிலைமை. ஷட்டர்ஸ்டாக் விஷயத்துலதான் நிறைய பேர் குழம்புறாங்க. அந்தத் தளத்துலயே ஏஐ படம் உருவாக்குற வசதி இருக்கு, அதனால நாமளும் அனுப்பலாம்னு நினைச்சுடுறாங்க. பங்களிப்பாளர் அனுப்புற ஏஐ படைப்பை அவங்க எடுத்துக்கிறது இல்லை.

நான் போடுறது அடோபி ஸ்டாக்ல. 2022 டிசம்பர்ல ஏஐ படத்துக்குன்னு தனியா விதி அறிவிச்சாங்க, இப்போ வீடியோவும் வாங்குறாங்க. ஏத்தும்போது ஏஐ கருவியில செஞ்சதுன்னு ஒரு பெட்டியை டிக் பண்ணணும். கிளிப்ல முகம் தெரிஞ்சா, ஆளும் இடமும் கற்பனைன்னு சொல்ற பெட்டியையும் டிக் பண்ணணும். தலைப்புலயோ கீவேர்டுலயோ ஓவியர் பேர், பிரபலத்தோட பேர், கதாபாத்திரத்தோட பேர் எதுவும் வரக்கூடாது. உண்மையா நடந்த செய்திச் சம்பவம் மாதிரி தலைப்பு வைக்கவும் கூடாது. வீடியோவுக்கு 35 சதவீதம் நமக்கு. 25 டாலர் சேர்ந்தா பணம் எடுக்கலாம். அமெரிக்காவுக்கு வெளியில இருக்கிறவங்க வரிப் படிவத்தை ஆரம்பத்துலயே நிரப்பிடுறது நல்லது.

கிளிப் நீளம் 5 விநாடிக்குக் கீழே போகக்கூடாது, 60ஐத் தாண்டக்கூடாது. உங்ககிட்ட பழைய 4 விநாடி கிளிப் இருந்தா அதுக்கு அங்க வழியில்லை. இழுத்து ஸ்லோ மோஷன் ஆக்கி ஒப்பேத்தாதீங்க, தண்ணியும் துணியும் காட்டிக்கொடுத்துடும்.

அந்த 52ல எத்தனை விதியால போச்சு, எத்தனை தரத்தால போச்சுன்னு உங்களுக்கே தெரியாது. அதனால இதைச் சொல்றேன். போன மாசம் கலங்கரை விளக்கத்தை ட்ரோன் சுத்தி வர்ற மாதிரி ஒரு கிளிப் செஞ்சேன். பார்க்க அவ்வளவு அழகு. ஏத்துறதுக்கு முன்னாடி ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்திப் பார்த்தேன். முதல் விநாடியில மேல் தளத்துல நாலு ஜன்னல். கேமரா பாதி சுத்து சுத்தி வர்றதுக்குள்ள அஞ்சாயிடுச்சு. கைப்பிடிக் கம்பி ஒண்ணு சுவருக்குள்ள கரைஞ்சு போகுது. ஓடவிட்டுப் பார்த்தா யாருக்கும் தெரியாது. ஆனா காசு கொடுத்து வாங்குற எடிட்டர் அதை நிறுத்தி வெச்சு மேல எழுத்துப் போடுவாங்க, அப்போ தெரியும். நீங்களே எடிட்டர், உங்களுக்குத் தெரியாததா? நுரை எங்கே மறையுது, படியேறுற கால் எந்த ஃப்ரேம்ல இடது வலது மாறுது, பின்னாடி இருக்கிற பலகையில எழுத்து நெளியுதா, இதையெல்லாம் பாருங்க. அந்தக் கலங்கரை விளக்கத்தை நான் அழிச்சிட்டேன்.

ஒரே ப்ராம்ப்ட்ல, அதாவது கருவிக்கு நீங்க எழுதிக் கொடுத்த ஒரே குறிப்புல, வந்த பத்து கடலையும் ஏத்தாதீங்க. ஒண்ணு போதும். ஒரே மாதிரி இருக்குன்னு திருப்பி அனுப்புவாங்க.

அலைவரிசை:

முக்காலி அண்ணா சொன்னதுல ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். ஒரே தளத்தோட நின்னுடாதீங்க. அடோபி ஸ்டாக்ல எக்ஸ்க்ளூசிவ் கட்டாயம் கிடையாது, அதே கிளிப்பை ஏஐ வாங்குற வேற தளத்துலயும் போடலாம். நான் ஒரு ஷீட் வெச்சிருக்கேன். ஒவ்வொரு கிளிப்புக்கும் எந்தக் கருவி, எந்தத் தேதி, என்ன ப்ராம்ப்ட், எங்கெங்கே ஏத்தினேன், என்ன பதில் வந்துச்சு, எல்லாம் அதுல இருக்கு. தளம் ஏதாவது கேள்வி கேட்டா அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்.

எந்தத் தளம் யாரோடதுன்னும் பார்த்துக்குங்க. பாண்ட்5ஐ 2022ல ஷட்டர்ஸ்டாக் வாங்கிடுச்சு. கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப் போறதா 2025 ஜனவரியில அறிவிச்சாங்க. முதலாளி மாறினா விதியும் மாறலாம்.

முக்காலி:

நாலு இடத்துல போடுறதை நான் தப்புன்னு சொல்லல தம்பி. முதல் முப்பது கிளிப் ஒரு இடத்துல தேறட்டும். இப்போ நாலு இடத்துல போட்டா நாலு இடத்துலயும் அதே 52 வாங்குவாங்க.

ஏட்டுச்சுவடி:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

ஒன்று, விற்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பது. அது நீங்கள் பயன்படுத்திய கருவியின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பல கருவிகளின் இலவசத் திட்டத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடையாது. இலவசக் கணக்கில் செய்துவிட்டு, பிறகு பணம் கட்டி வாட்டர்மார்க்கை நீக்கினால் பழைய கிளிப்புக்கும் உரிமை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எந்தக் கிளிப்பை எந்தத் திட்டத்தில் இருந்தபோது செய்தீர்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று, அடுத்தவர் நகலெடுத்தால் தடுக்க முடியுமா என்பது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில், இன்றைய கருவிகளில் ப்ராம்ப்ட் மட்டும் எழுதிப் பெற்ற வெளியீட்டுக்குப் பதிப்புரிமை கிடைக்காது என்று சொன்னது. மனிதர் தேர்ந்தெடுத்து, அடுக்கி, மாற்றியமைத்த பகுதிக்குக் கிடைக்கலாம். நீங்கள் எடிட்டர் என்பதால் இது உங்களுக்கு முக்கியம். கலர் கிரேடிங் (நிறத் திருத்தம்), கம்போசிட்டிங் (பல காட்சிகளை ஒன்றாக இணைப்பது), நீங்களே சேர்த்த அடுக்குகள் எல்லாவற்றையும் ப்ராஜெக்ட் ஃபைலோடு பத்திரப்படுத்துங்கள்.

ஏஐ என்பதை மறைத்து விற்கும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கூகுளின் வியோ போன்ற ஏஐ வீடியோ கருவிகள் சிந்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத குறியை வீடியோவுக்குள்ளேயே வைக்கின்றன. அதைவிட முக்கியம், வாங்குபவர் ஏமாறக் கூடாது. ஆவணப்படத்துக்கு நிஜக் காட்சி என்று நம்பி ஒருவர் உங்கள் கடலை வாங்கிவிட்டால் அவர் பெயர்தான் கெடும்.

நிழல்தேடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முக்காலி அண்ணா, நீங்க சொன்ன மாதிரி ரெண்டு ராத்திரி ஃப்ரேம் ஃப்ரேமா உக்காந்தேன். ஆபீஸ் கிளிப்ல சுவர்க் கடிகாரத்துக்கு மூணாவது முள் முளைக்குது. மழைக் கண்ணாடியில ஒரு துளி பாதி தூரம் இறங்கி மறுபடி மேல ஏறுது. நாலு மாசமா அதை நான் கவனிக்கவே இல்லை.

140ல 41 இலவசத் திட்டத்துல செஞ்சது, அதைத் தனி ஃபோல்டர்ல ஒதுக்கிட்டேன். 4 விநாடி கிளிப் 23. ஒரே ப்ராம்ப்ட்டோட நகல், முள், துளி, கால் மாறினதுன்னு கழிச்சது போக 34 தேறுது. அதுல 30ஐ இந்த வாரம் அடோபி ஸ்டாக்ல பெட்டியை டிக் பண்ணி ஏத்துறேன். ஷீட்டும் ஆரம்பிச்சாச்சு, முதல் வரியில கடல்.

ஏட்டுச்சுவடி ஐயா, கடலுக்கு மேல நானே மொபைல்ல எடுத்த பறவைக் கூட்டத்தைக் கம்போசிட் பண்ணியிருக்கேன். அப்பவும் ஏஐ பெட்டியை டிக் பண்ணணும்தானே?

ஏட்டுச்சுவடி:

ஆம். கடல் ஏஐயில் பிறந்ததுதானே. டிக் செய்யுங்கள். பறவைகளின் அசல் ஃபைலை அழித்துவிடாதீர்கள்.