ஆப்டிமைசேஷனுக்கு ‘உகப்பாக்கம்’ போதுமா? – கடற்படைத் திட்டமிடல் பாடத்துக்கான சொல் தேடல்

பாட மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். முதுகலைக் கணிதப் பாடத்தொகுதியில் கடற்படை நடவடிக்கைகளையும் வழங்கலையும் திட்டமிடும் முறைகள் பற்றிய அலகைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்பியாக வேண்டும்.

அலகின் மையக் கணக்கு இது. பல வாரங்கள் கரை தொடாமல் கடலில் உலவும் போர்க்கப்பல்களுக்கு எரிபொருளும் உணவும் வெடிபொருளும் கொண்டுசெல்ல ஒரு சில வழங்கல் கப்பல்களே இருக்கின்றன. எந்த வழங்கல் கப்பல் எந்த நாளில் எந்த இடத்தில் எந்தப் போர்க்கப்பலைச் சந்திக்க வேண்டும் என்று அட்டவணை வகுக்க வேண்டும். எந்தப் போர்க்கப்பலின் எரிபொருளும் குறித்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரே வழங்கல் கப்பல் ஒரே நாளில் தொலைவான இரண்டு இடங்களில் இருக்க முடியாது. இக்கட்டுப்பாடுகளை மீறாத அட்டவணைகள் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றுள் இதைவிட மேலானது இல்லை என்று நிறுவத்தக்க ஒன்றைக் கண்டறிவதே ஆப்டிமைசேஷன். இதை ‘உகப்பாக்கம்’ என்றும், அதன் விடையை ‘உகந்த தீர்வு’ என்றும் எழுதிவந்தேன். மெய்ப்புப் படித்த ஆசிரியர் ஒருவர், ‘கட்டுப்பாடுகளுக்கு உகந்த தீர்வுகள்’ என ஒரு பக்கத்திலும் ‘உகந்த தீர்வு’ என அடுத்த பக்கத்திலும் வருவதைச் சுட்டி, மாணவர் இரண்டையும் ஒன்றாகவே படிப்பார் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி என்றே படுகிறது. வேறு சொல் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அன்புடையீர், மாணவர் குழம்புவது ஒருபுறம் இருக்கட்டும். சொல்லின் வேரிலேயே இடர்ப்பாடு உண்டு. தொல்காப்பிய உரியியல் உகப்பு என்பதற்கு உயர்தல் என்றும், உவப்பு என்பதற்கு உவகை என்றும் பொருள் வகுக்கிறது. இரண்டும் பிற்காலத்தில் கலந்து, விருப்பம் என்ற பொருளும் ஏற்புடைமை என்ற பொருளும் ‘உக’ என்னும் வினைக்கு ஏறிவிட்டன. ஆகவே உகப்பாக்கம் என்பதை வேர்ப்பொருளில் எடுத்தால் உயர்த்துதல் ஆகும். வழக்குப் பொருளில் எடுத்தால் விரும்பத்தக்கதாக்குதல் ஆகும். தங்கள் பாடமோ இழப்பைக் குறைப்பது, எரிபொருள் செலவைக் குறைப்பது, காத்திருப்பைக் குறைப்பது என்று கீழ்நோக்கியே போகிறது. தாழ்த்த வேண்டியதை உயர்த்துதல் என்னும் சொல்லால் குறிப்பது எப்படி முறையாகும்?

வள்ளுவர் தெரிந்து செயல்வகையில் ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்’ என்கிறார். செலவு, வரவு, பின்விளையும் ஆதாயம் மூன்றையும் ஒருங்கே நோக்கித் தெரிவதற்கு அவர் ஆளும் வினை ‘சூழ்தல்’. எனவே ‘சூழ்வு’ என்றும் ‘சூழ்வுத் தீர்வு’ என்றும் ஆளலாம் என்பது என் கருத்து.

செயல்பாட்டு ஆய்வியல் கற்பிக்கும் ஆசிரியர்:

ஐயா, வேர் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் உயர்தல் என்ற தடை கணிதத்தில் தானே விலகிவிடும். ஓர் அளவைச் சிறுமமாக்குவதும், அதன் குறியை மாற்றிப் பெருமமாக்குவதும் ஒன்றே. முதல் வாரத்திலேயே மாணவருக்கு இதைச் சொல்லிவிடுகிறோம். ‘சூழ்வு’ பற்றி எனக்குள்ள தயக்கம் வேறு. சூழ்ந்து பார்ப்பது ஆராய்ச்சியின் தொடக்கம். இங்கே நமக்கு வேண்டுவது அதன் முற்றுப்புள்ளி. போதாக்குறைக்கு, இன்றைய செய்தித்தாள் வாசகர் ‘கடற்படைச் சூழ்வு’ என்ற தொடரைக் கண்டால் முற்றுகை என்றே கொள்வார்.

சொல்லை எடைபோடும் முன், படை நடவடிக்கைகளை எண்ணிக் கணக்கிட்டு ஆராயும் செயல்பாட்டு ஆய்வியல் (ஆபரேஷன்ஸ் ரிசர்ச்) என்னும் இத்துறை எப்படிப் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிய பிரிட்டிஷ் விமானங்கள் ஆழ்வெடிகளை 100 அடி ஆழத்தில் வெடிக்குமாறு அமைத்து வீசின. விமானத்தைக் கண்டதும் நீர்மூழ்கி அமிழத் தொடங்கும், வெடி விழுவதற்குள் அவ்வளவு ஆழம் போயிருக்கும் என்பது கணக்கு. பிரிட்டிஷ் இயற்பியலாளர் பிளாக்கெட்டின் ஆய்வுக் குழுவில் இருந்த இ. ஜே. வில்லியம்ஸ் இதைத் தலைகீழாக நோக்கினார். அவ்வளவு ஆழம் போய்விட்ட நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்பதே விமானிக்குத் தெரியாது; அதன்மீது வெடி விழுவது தற்செயல். கண்ணுக்குத் தெரிவதும், இப்போதுதான் மறைந்ததுமான நீர்மூழ்கிகளைத்தான் குறிவைத்துத் தாக்க முடியும். அவை மேற்பரப்பை ஒட்டியே இருக்கும். வெடிக்கும் ஆழம் படிப்படியாக 25 அடிக்குக் கொண்டுவரப்பட்டது. தாக்குதல்களின் பலன் வெகுவாக உயர்ந்தது. வெடிக்கும் பொறியை எந்த ஆழத்துக்கு அமைக்க இயலுமோ அந்த வரம்புக்குள் நின்றே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். வரம்புக்குள் மேலானது என்ற கருத்தைச் சொல் தாங்க வேண்டும்.

மென்பொருள் துறை நண்பர்:

இவ்வளவு தொலைவு போக வேண்டுமா? ‘மேம்படுத்தல்’ என்று எழுதிவிடலாமே. வில்லியம்ஸ் செய்ததும் மேம்படுத்தல்தான்.

செயல்பாட்டு ஆய்வியல் ஆசிரியர்:

அந்தக் கதையில் பொருந்துகிறது, அட்டவணைக் கணக்கில் பொருந்தாது. இருப்பதைவிடச் சற்று நல்லது எதுவாயினும் மேம்பட்டதுதான். இனி மேம்படுத்த இடமே இல்லை என்று நிறுவும் சான்றையும் சேர்த்துக் கேட்பது ஆப்டிமைசேஷன். அமெரிக்கக் கணிதவியலாளர் டான்ட்சிக் 1947இல் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறையின் பெருமையே, மேம்படுத்திக்கொண்டே போய், எங்கே நிற்கலாம் என்பதையும் அது காட்டிவிடுகிறது என்பதில் இருக்கிறது.

சிம்ப்ளெக்ஸ் பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நோக்கமும் கட்டுப்பாடுகளும் நேரியல் கோவைகளாக அமையும் கணக்குகளைத்தான் அந்த முறை தீர்க்கிறது. அக்கணக்குகளின் பெயரான லீனியர் புரோகிராமிங்கை ‘நேரியல் நிரலாக்கம்’ என்று எழுதுகிறவர்களைக் காண்கிறேன். அங்கே ‘புரோகிராம்’ என்பது கணினி நிரல் அன்று. பயிற்சி, வழங்கல், படைநகர்வு ஆகியவற்றுக்குப் படையினர் வகுத்த கால அட்டவணைத் திட்டத்தின் பெயர். டான்ட்சிக் அப்போது அமெரிக்க விமானப்படைக்குப் பணியாற்றிவந்தார். ‘நேரியல் திட்டமிடல்’ என்பதே சரி.

பாட மொழிபெயர்ப்பாளர்:

அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். லாஜிஸ்டிக்ஸுக்கு ‘தளவாடம்’ என்று முதலில் எழுதி, அது பொருளைக் குறிக்கிறதே தவிரச் செயலைக் குறிக்கவில்லை என்பதால் ‘வழங்கல்’ ஆக்கினேன். மறுப்பு இல்லையெனில் அப்படியே விடுகிறேன். உகப்பாக்கம்தான் உறுத்துகிறது.

பொருளியல் ஆய்வாளர்:

நான் ‘உத்தமமாக்கல்’ என்பேன். உத்தமத் தீர்வு என்று சொன்னால் எவருக்கும் விளங்கும்; ஒன்றுதான் உத்தமம், ஏனையவை அல்ல என்பதும் கேட்ட மாத்திரத்தில் புலப்படும். வடசொல் என்ற குற்றச்சாட்டு வரும் என்று தெரியும். கணிதம் என்ற சொல்லையே கைவிடாதவர்கள் உத்தமத்தை மட்டும் வாசலில் நிறுத்துவது ஏன்?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்கலாம் என்பதற்குத் தொல்காப்பிய எச்சவியலே இடம் தருகிறது. ஆனால் தமிழ் வேர் கையில் இருக்கையில் கடன் எதற்கு? வேடிக்கை ஒன்றைக் கவனித்தீர்களா? ‘உத்’ என்பது மேல்; ‘தம’ என்பது மிகைவிகுதி; உத்தமம் என்றால் எல்லாவற்றுக்கும் மேலானது. உகப்பும் உயர்வே, உத்தமமும் உயர்வே. உகரத்தில் தொடங்கி உயரத்தில் முடியும் சொற்குடும்பம் பெரிது: உச்சி, உம்பர், உயர்வு, உகப்பு. இவற்றுள் உம்பர் என்பதை ஆராய்ந்தால்...

குழு நடத்துநர்:

ஐயா, உம்பர் தனி இழையாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

முன்னாள் கடற்படைப் பொறியாளர்:

வணக்கம். நீங்கள் அனைவரும் ‘மேலானது’ என்பதைத் தெரிந்த ஒன்றாகக் கொண்டு பேசுகிறீர்கள். எது மேலானது என்பதில்தான் கடலில் சண்டையே. வணிகக் கப்பல்களில் விமான எதிர்ப்புத் துப்பாக்கி பொருத்திய கதையை ஆசிரியர் அறிந்திருப்பார். அத்துப்பாக்கிகள் தாக்க வந்த விமானங்களில் சுமார் 4 விழுக்காட்டையே வீழ்த்தின. ஆகவே அவற்றைக் கழற்றி வேறிடத்தில் பொருத்தலாம் என்ற பேச்சு எழுந்தது. பிறகு எத்தனை கப்பல்கள் தப்பின என்று எண்ணிப் பார்த்தார்கள். சுட்ட கப்பல்களில் மூழ்கியவை 10 விழுக்காடு; சுடாதவற்றில் 25 விழுக்காடு. விமானத்தை வீழ்த்துவது நோக்கமானால் துப்பாக்கி வீண்; கப்பலைக் காப்பது நோக்கமானால் அது தன் விலையை மீட்டுத் தந்துவிட்டது. தரவு ஒன்றே, நோக்கம் மாறியதும் விடை மாறியது.

இதனால்தான் எனக்கு உத்தமம் உவப்பாக இல்லை. உத்தமம் என்றால் எல்லாவகையிலும் சிறந்தது, குற்றமற்றது என்ற தொனி வந்துவிடுகிறது. உகப்பு என்பதில் ‘எதற்கு உகந்தது’ என்ற நான்காம் வேற்றுமைக் கேள்வி உடன் வருகிறது. பேராசிரியர் குறையாகச் சொன்ன விருப்பம் என்னும் பொருளே இங்கே நிறை.

செயல்பாட்டு ஆய்வியல் ஆசிரியர்:

இந்த வாதம் என்னை அசைக்கிறது. ஆயினும் வகுப்பறைச் சிக்கல் அப்படியே நிற்கிறது. ‘காய்ச்சலுக்கு உகந்த உணவு’ என்றால் கஞ்சியும் உண்டு, இட்லியும் உண்டு, பலவும் உகந்தவையே. கட்டுப்பாடுகளை நிறைவுசெய்யும் தீர்வுகளைத்தான் அந்தப் பெயரெச்சம் குறிக்கிறது. ஆகவே ‘உகந்த’ என்பதைப் பாடத்திலிருந்தே அகற்றிவிடலாம். வரம்புக்குள் நிற்கும் எதுவும் ‘இயலும் தீர்வு’. அவற்றுள் மிஞ்சப்படாதது ‘உகமத் தீர்வு’. பெருமம், சிறுமம் என்று பழகிய காதுக்கு உகமம் அந்நியமாக இராது. பெருமமும் சிறுமமும் அதன் இரு வகைகள் என்றும் எளிதாகச் சொல்லலாம்.

பொருளியல் ஆய்வாளர்:

உகமம் என்று எவர் வீட்டில் பேசுகிறார்கள்? அகராதியைத் திறக்காமல் விளங்காத சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லே மேல்.

செயல்பாட்டு ஆய்வியல் ஆசிரியர்:

பெருமம் என்றும் எவரும் வீட்டில் பேசுவதில்லை, ஐயா. முன்பொருள் இல்லாத சொல் என்பதே இங்கே வசதி. மாணவர் வரையறையைப் படித்தே தீர வேண்டும்.

பாட மொழிபெயர்ப்பாளர்:

இடையே ஒரு சிறு கேள்வி. டிசிஷன் அனாலிசிஸுக்கு ‘முடிவுப் பகுப்பாய்வு’ என்று இருக்கிறது. 1968இல் அட்லாண்டிக்கில் காணாமற்போன ஸ்கார்ப்பியன் என்னும் அமெரிக்க நீர்மூழ்கியைத் தேடிய பகுதியில் இது இடிக்கிறது. கடற்பரப்பைக் கட்டங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு தந்து, ஒரு கட்டத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் எல்லாக் கட்டங்களின் நிகழ்தகவையும் திருத்தி, அடுத்து எங்கே தேடுவது என்று தீர்மானிக்கும் முறை அது. அதிக நிகழ்தகவுள்ள கட்டத்தில் தேடியும் கிடைக்காமற்போகலாம். ஆயினும் அங்கே தேடியது சரியே. எடுப்பதும் முடிவு, கிடைப்பதும் முடிவு என்றாகிவிடுவதால், இதை ‘முடிவு நல்லது, முடிவு மோசம்’ என்று எழுதினால் வாசகர் என்னைத்தான் தேடுவார்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்ற குறளில் மூன்று சொற்களும் வரிசையாக நிற்கின்றன. ஆராய்வது சூழ்ச்சி, அதன் எல்லை முடிவு, மேற்கொள்வது துணிவு. எனவே ‘துணிவாய்வு’. இன்று துணிவு வீரமாகச் சுருங்கிவிட்டதே என்பீர்கள். கடற்படைப் பாடத்தில் அதுவும் கெடுதலில்லை.

முன்னாள் கடற்படைப் பொறியாளர்:

கெடுதல்தான், ஐயா. துணிச்சலை நம்பாமல் எண்ணிப் பார்க்கச் சொல்லும் பாடம் இது. ‘தீர்மானப் பகுப்பாய்வு’ என்று வையுங்கள்; கிடைப்பதை ‘விளைவு’ என்று வையுங்கள்.

குழு நடத்துநர்:

தீர்மானம், விளைவு, வழங்கல், நேரியல் திட்டமிடல் ஆகியவற்றுக்கு மறுப்பு இல்லை என்று கொள்கிறேன். முதன்மைச் சொல்லில், செயலுக்கு ‘உகப்பாக்கம்’ இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெரும்பாலோர் எழுதிவிட்டனர்; அச்சொல் பிடித்ததாக எவரும் எழுதவில்லை. விடைக்கு ‘உகமத் தீர்வு’ என்பதைச் சிலர் ஏற்றும், சிலர் மறுமொழியின்றி விட்டும் இருக்கிறார்கள்.

பாட மொழிபெயர்ப்பாளர்:

அப்படியே அனுப்புகிறேன். உகமத் தீர்வு முதன்முதல் வரும் இடத்தில், இயலும் தீர்வுகளுள் குறித்த நோக்கத்துக்கு இதனினும் மேலானது இல்லாதது என்று ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன். வழங்கல் அட்டவணைக் கணக்கில் ‘உகந்த’ வந்த இடங்களை எல்லாம் மாற்றிவிட்டேன்.

பொருளியல் ஆய்வாளர்:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். என் வகுப்பில் உத்தமத் தீர்வு என்றே சொல்வேன்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

உகமத்தில் அம் விகுதி எப்படி ஏறியது என்பதை எவரும் கேட்கவில்லை. பெருமை, சிறுமை என்பவற்றோடு பெருமம், சிறுமம் நிற்கின்றன. உகமத்தோடு நிற்க ‘உகமை’ உண்டா? உம்பர் இழையில் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.