நூலகக் கணனிப் பகுதிக்கு ஒழுங்குவிதி எழுத வேணும்: 4 கணனி, 1 பிரின்டர்

வாவிக்கரை:

வணக்கம். மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம் பிரதேச சபைக்குக் கீழ் உள்ள சின்ன நூலகம். விண்டோஸ் 10 போட்ட 4 கணனி, ஸ்கேனரோடு சேர்ந்த ஒரு பிரின்டர், மாதத்துக்கு இவ்வளவு என்று டேட்டா உள்ள ஒரு 4ஜி ரவுட்டர். பள்ளி விட்ட பிறகு பின்னேரம் 3.00 முதல் 5.30 வரை பிள்ளைகள் கூட்டம். பெரியவர்கள் விண்ணப்பம் நிரப்பவும் பிரின்ட் எடுக்கவும் வருவார்கள். சுவரில் ஒட்ட ஒழுங்குவிதி எழுதப் போனால் 23 வந்துவிட்டது, எல்லாமே "கூடாது" என்றுதான் முடிகிறது.

ஒருவருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது? அடையாள அட்டைப் பிரதி வாங்க வேணுமா? யூடியூபை மூடிவிடலாமா? ஒருவர் மூடாமல் விட்டுப்போன ஜிமெயிலை அடுத்து வந்தவர் பார்ப்பதை எப்படித் தடுப்பது?

அடுக்கு020:

23 விதியை நின்று வாசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, இதை ஆள் செய்ய வேணுமா, கணனியே செய்துவிடுமா என்று பாருங்க. "பாஸ்வேர்ட் சேமிக்கக் கூடாது", "மென்பொருள் நிறுவக் கூடாது", "பார்த்த பக்கங்களை அழித்துவிட்டுப் போகவும்" என்பதெல்லாம் கணனி பார்த்துக்கொள்ள வேண்டியவை. அவற்றைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டால் ஏழெட்டுத்தான் மிஞ்சும்.

நேரக் கணக்கு இப்படி. உங்களிடம் பின்னேரம் 150 நிமிடம் இருக்கிறது. ஒரு மணித்தியாலம் கொடுத்தால் நான்கு கணனியிலும் 8 பேர், பிறகு அரை மணித்தியாலம் அந்தரத்தில் நிற்கும். 30 நிமிடம் என்றால் 20 பேர். அதைவிட நல்லது, மூன்று கணனியை 30 நிமிடத்துக்கும் நாலாவதை 10 நிமிட வேலைக்கும் ஒதுக்குவது: 15 பேர் இருந்து படிப்பார்கள், இன்னும் 15 பேர் பிரின்ட் எடுத்துக்கொண்டு, பெறுபேறு பார்த்துக்கொண்டு போவார்கள். பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் இந்த நாலாவது கணனிதான் உங்களைக் காப்பாற்றும். வரிசையில் யாரும் இல்லாவிட்டால் இன்னொரு 30 நிமிடம் கொடுக்கலாம்.

பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம் மட்டும் வேறு கணக்கு. விருப்பு வரிசையில் பாடநெறிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை நேரம் முடிந்தது என்று எழுப்பக் கூடாது. அதற்கு முற்பகலில் 60 நிமிடம் முற்பதிவு வைங்க. எந்த வேலையானாலும் முடிய 5 நிமிடம் இருக்கும்போது ஆளிடம் போய்ச் சொல்ல வேணும். விதியில் அதையும் எழுதுங்க, அது நூலகத்தின் கடமை.

அடையாள அட்டைப் பிரதி வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே தேவைக்கு மேல் தரவு சேர்க்காதே என்பதுதான். அங்கத்துவ இலக்கம், கணனி இலக்கம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், கையொப்பம் இவ்வளவும் போதும். பதிவேட்டை மேசையில் விரித்து வைக்கும் பழக்கத்தையும் விடுங்க. அடுத்து கையொப்பம் வைக்க வருபவர் மேலே உள்ள பதினைந்து பேரின் விவரத்தையும் வாசித்துவிடுவார். ஆளுக்கு ஒரு துண்டு எழுதி, உள்ளே பெட்டியில் போடுவது சுத்தமான வழி. எத்தனை மாதத்தில் அழிப்பது என்பதைச் சபையில் முடிவெடுத்து எழுதி வைங்க.

திரை எந்தப் பக்கம் பார்க்க வேணும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பிள்ளைகள் இருக்கும் இரண்டு கணனியும் கவுண்டரைப் பார்க்கட்டும், நூலகரின் கண் அங்கே இருந்தால் பாதி விதி தேவையில்லை. விண்ணப்பம் நிரப்பும் கணனிக்கு இதே முறை ஆகாது. அங்கே இருப்பவரின் முதுகு சுவர்ப் பக்கம் இருக்க வேணும், வங்கிக் கணக்கு இலக்கம் அடிக்கும்போது பின்னால் ஆள் நிற்கக் கூடாது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அங்கத்துவம் எடுக்கும்போதே பெற்றோரிடம் ஒருமுறை ஒப்பம் வாங்கினால் சரி.

யூடியூபை மூடாதீங்க. உயர்தரப் பாடங்கள் எவ்வளவோ அங்கேதான் கிடக்கின்றன. ஹெட்போன் கட்டாயம் என்று போடுங்க, வீடியோத் தரம் 480 என்று சொல்லுங்க. மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபியோடு போகும். 1080இல் அது மூன்று மடங்கைத் தாண்டும்.

கல்முனை_வயர்:

அடுக்கு நானா சொன்னதில் கணனி செய்ய வேண்டிய பகுதியை நான் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த பொதுவான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள், 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. உங்கள் கணனிகளில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருந்து, புரொசசர் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது என்றால் விண்டோஸ் 11 போடலாம். இல்லாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்க. உலாவவும் கடிதம் அடிக்கவும் 4 ஜிபி ரேம் அதற்குப் போதும். மின்டில் லொகின் விண்டோ அமைப்பில் விருந்தினர் அமர்வு என்று ஒன்று உண்டு, அதை இயக்கிவிட்டால் ஆள் லொக்அவுட் செய்த நொடியில் அவர் இறக்கியது, சேமித்தது, திறந்திருந்தது எல்லாம் போய்விடும். நீங்கள் கேட்ட ஜிமெயில் பிரச்சினைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

விண்டோஸிலேயே இருப்பதானால், அட்மின் கணக்கு நூலகரிடம் மட்டும் இருக்கட்டும், வாசகருக்கு ஸ்டாண்டர்ட் கணக்கு. குரோமில் இன்காக்னிட்டோ மோட் அவெய்லபிலிட்டி என்ற கொள்கைக்கு (அட்மின் மட்டும் மாற்றக்கூடிய அமைப்பு) 2 என்ற பெறுமதி கொடுத்தால் எப்போதும் மறைமுக விண்டோவாகவே திறக்கும், அதாவது மூடியதும் பார்த்த பக்கங்களும் லொகினும் மறந்துபோகும். பாஸ்வேர்ட் மனேஜரையும் அதே இடத்தில் நிறுத்துங்க.

இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்: மறைமுக விண்டோ, இறக்கிய பைலை அழிக்காது. டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்து பார்த்தால் ஊராரின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வரிசையாக இருக்கும். ஸ்கேனர் தானாகச் சேமிக்கும் போல்டரும் அப்படித்தான். ஒவ்வொரு லொக்ஓஃபிலும் டவுன்லோட்ஸ், டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் துடைக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போடுங்க. அல்லது திரும்ப இயக்கும்போது பழைய நிலைக்கே கொண்டுவரும் டீப் ஃப்ரீஸ் மாதிரியான மென்பொருள் போடுங்க.

பிரின்டர் இன்னொரு ஓட்டை. கடதாசி இறுகியதும் ஆள் வெறுத்துப்போய் எழுந்து போவார், அவருடைய ஆவணம் வரிசையிலேயே நிற்கும். அடுத்தவர் கடதாசி போட்டதும் முதலில் வெளியே வருவது முன்னவரின் வைத்திய அறிக்கை. கடதாசி எடுத்த கையோடு பிரின்ட் வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் ரத்துச் செய்வது உதவியாளரின் வேலை என்று எழுதி வைங்க.

வேண்டாத தளங்களுக்கு, ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 இரண்டையும் போடுங்க. ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் பெருமளவு நிற்கும். போட்டும் நிற்கவில்லை என்றால் காரணம் உலாவியில் உள்ள செக்கியூர் டிஎன்எஸ், அது ரவுட்டரைத் தாண்டிப் போய்விடும். அதையும் கொள்கையில் நிறுத்த வேணும். ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்ட் ஸ்டிக்கரில் உள்ளதே இருந்தால் இவ்வளவும் வீண்.

"இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று எல்லாத் தளத்துக்கும் ஒரே கணனியில் மட்டும் வந்தால் முதலில் திகதியைப் பாருங்க. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடும்.

வாவிக்கரை:

நன்றி நானா, நன்றி தம்பி. ஒன்று விட்டுப்போச்சு. போனில் உள்ள ஆவணத்தை எடுக்க எல்லாரும் வாட்ஸ்அப் வெப்தான் திறக்கிறார்கள். வயதானவர்கள் "நீங்களே அடிச்சுத் தாங்க மகள்" என்று பாஸ்வேர்டையும் சொல்லிவிடுகிறார்கள்.

உதவிமேசை:

அக்கா, வாட்ஸ்அப் வெப் டேபை மூடினால் வெளியேறினதாக ஆகாது. மறைமுக விண்டோவிலும் ஒன்று திறந்தே கிடந்தால் அமர்வு உயிரோடு இருக்கும், எல்லா விண்டோவையும் மூட வேணும். உறுதியான வழி போனில்தான்: வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்பதைத் திறந்து, அங்கே தெரியும் கணனியைத் தொட்டு லொக்அவுட். எழும்ப முன் அதைச் செய்யச் சொல்லிக் கணனி அருகிலேயே ஒட்டுங்க, வாசல் பலகையில் போட்டால் பயனில்லை. ஒரு யூஎஸ்பி கேபிளும் வைத்திருந்தால் பாதிப் பேருக்கு வாட்ஸ்அப்பே தேவைப்படாது.

உதவி செய்வதற்கு ஒரு எல்லை கட்டாயம் வேணும். படிவத்தை நீங்கள் நிரப்பலாம், சொந்தக்காரர் பக்கத்தில் இருக்க வேணும். பாஸ்வேர்டை அவரே அடிக்கட்டும், ஒரு விரலால் அடித்தாலும் பரவாயில்லை, நேரத்தை நீட்டிக் கொடுங்க. ஓடிபி வரும் இடத்தில் உங்கள் போன் இலக்கத்தை இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீங்க. பிறகு அந்த மனிசன் ஒவ்வொரு முறையும் உங்களைத் தேடித்தான் வர வேணும், நீங்கள் இடமாற்றம் போனால் அவருடைய கணக்கும் போச்சு.

காலையில் திறக்கும்போது கணனிகளின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்க. கீபோர்ட் வயருக்கும் யூஎஸ்பி துளைக்கும் நடுவில் பெருவிரல் அளவில் தெரியாத துண்டு ஏதும் இருந்தால் கழற்றுங்க. அடிக்கிற எழுத்தையெல்லாம் பதியும் சாமான் அந்த அளவில்தான் இருக்கும்.

பலகைக்கு ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்: "இன்னொருவரின் கணக்கு திறந்திருந்தால் வாசிக்காமல் உதவியாளரைக் கூப்பிடவும்." அனுமதியில்லாமல் மற்றவரின் தகவலுக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். சட்ட இலக்கத்தைப் பலகையில் போட்டுப் பயமுறுத்தத் தேவையில்லை, நூலகர் தெரிந்திருந்தால் போதும்.

கல்முனை_வயர்:

இன்னும் இரண்டு. பென்ட்ரைவில் பைல் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிவிட்டது என்று வருபவரிடம் உடனே போர்மட் செய்யச் சொல்லாதீங்க. பைல்கள் பெரும்பாலும் உள்ளேயே மறைந்து இருக்கும். மின்ட் கணனியில் செருகினால் மறைத்தவையும் தெரியும், அந்த ஷோர்ட்கட்டும் அங்கே ஓடாது. பிரதி எடுத்துக் கொடுத்த பிறகு போர்மட் பண்ணலாம்.

மற்றது பாமினி. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம் அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், இணையப் படிவத்தில் ஒட்டினாலும் அதேதான். நான்கு கணனியிலும் யுனிகோட் (எந்தக் கணனியிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறை) ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பைப் போட்டு, விசை வரைபடத்தை அச்சிட்டு ஒவ்வொரு மொனிட்டருக்குக் கீழும் ஒட்டிவிடுங்க. மின்டில் எம்17என் என்ற பலமொழி விசைப்பலகைத் தொகுப்பை நிறுவினால் அதற்குள்ளேயே ரெங்கநாதன் இருக்கிறது.