கூட்டம் கலைந்த பிறகு யார் பார்ப்பது?

நீலவானம்:
லட்சக்கணக்கானோர் கூடும் நிகழ்வுகளுக்கென்று தனியாக நோய்க் கண்காணிப்பு அமைப்பது வீண்செலவு என்பது என் கருத்து. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் நாள்தோறும் அறிக்கை தயாரித்தார்கள். கடைசியில் பெரிய நோய்ப்பரவல் எதுவும் இல்லை. அந்தப் பணம் வழக்கமான ஆய்வகங்களுக்குப் போயிருக்கலாம். அப்புறம், தட்டம்மை தொற்றியவருக்குக் காய்ச்சல் தொடங்கவே சுமார் 10 நாள் ஆகும். அதற்குள் அவர் ஊர் திரும்பியிருப்பார். கூட்டத்தின் வாசலில் நின்று எதைக் கண்டுபிடிப்பீர்கள்?

களப்பதிவு:
"எதுவும் இல்லை" என்று அடித்துச் சொல்ல முடிந்ததே அந்தக் கண்காணிப்பால்தான். நாலு பேர் வாந்தி எடுத்தால் போதும், காலரா என்று வதந்தி கிளம்பிவிடும். தினமும் எத்தனை பேர் வாந்தியோடு மருத்துவரிடம் வருவது வழக்கம் என்று தெரிந்தவரால்தான் அதை மறுக்கவோ உறுதிசெய்யவோ முடியும்.

தட்டம்மை பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸ் 12 முதல் 48 மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடங்கும் நேரத்தில் பாதுகாப்புப் பணியாளர்களிடையே அது பரவியது. சுமார் 1,200 பேரைப் பணியிலிருந்து விலக்கி, 900 ராணுவ வீரர்களை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீலவானம்:
அது வயிற்றுப்போக்கு, உடனே தெரியும். 2015இல் ஜப்பானில் நடந்த உலகச் சாரணர் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். மூளைச்சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமியின் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது ஸ்காட்லாந்திலும் ஸ்வீடனிலும், பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு. பிடித்தது அந்தந்த நாட்டின் அன்றாட அமைப்பு. நான் கேட்பதும் அதைப் பலப்படுத்தத்தான்.

களப்பதிவு:
காய்ச்சலோடு வருபவரிடம் "அண்மையில் எந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள்?" என்று கேட்கத் தோன்ற வேண்டுமே! அந்தக் கேள்வியை மருத்துவர்களுக்கு நினைவூட்டுவதும் கூட்டக் கண்காணிப்பின் வேலைதான். நிகழ்வு முடிந்த மறுநாளே கூடாரத்தைப் பிரித்துவிட்டுப் போனால் அது அரைகுறை. இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

மழைத்துளி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு பெரிய கூட்டத்தின் மருத்துவ முகாமில் பதிவேடு எழுதியிருக்கிறேன். காலையில் ஒவ்வொருவரையும் விசாரித்து எழுதினோம். மாலையில் வரிசை நீண்டதும் எல்லோருக்கும் "காய்ச்சல்" கட்டத்தில் ஒரு டிக். அன்று கூட்டத்தில் மொத்தம் எத்தனை பேர் என்பதே யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்று எதை வைத்துக் கணக்கிடுவது? தப்பான எண்ணை நம்பி முடிவெடுப்பதைவிட எண் இல்லாமல் இருப்பதே மேல் என்று அன்றைக்குப் பட்டது.

களப்பதிவு:
விகிதம் கிடைக்காவிட்டாலும் போக்கு தெரியுமே. ஒரே முகாமில் நேற்று 5 பேருக்கு வயிற்றுப்போக்கு, இன்று 40 பேருக்கு என்றால் தண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பார்க்க அது போதும். 20 கட்டம் உள்ள படிவத்தை 5 கட்டமாகக் குறைத்தால் மாலை நேர டிக்கும் குறையும்.

நீலவானம்:
என் பெரிய கவலைக்கு வருகிறேன். 2024 ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தவர்கள். வெயில் 50 பாகையைத் தாண்டிய நாட்களில் நிழலும் கூடாரமும் இல்லாமல் நடந்தவர்கள். பெயரும் அடையாள அட்டையும் கேட்கும் முகாமுக்கு இப்படிப்பட்டவர்கள் வருவார்களா? அதிக ஆபத்தில் இருப்பவர்தான் பதிவேட்டில் இருக்கவே மாட்டார்.

களப்பதிவு:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அறிகுறி, வயது, எந்தப் பகுதியிலிருந்து வந்தார், இந்த மூன்றும் போதும். வெப்பத் தாக்குக்கும் வயிற்றுப்போக்குக்கும் பெயர் எதற்கு?

மழைத்துளி:
மெனிஞ்சோகாக்கஸ் என்றால்? கூட இருந்தவர்களைத் தேடிப் பிடித்து உடனே மாத்திரை கொடுக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பிறகு அந்தக் கிருமியின் W135 வகை பல நாடுகளில் யாத்ரீகர்களின் வீட்டாருக்கும் பரவியதே. அங்கே பெயர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

நீலவானம்:
அப்படியொரு நோய் சந்தேகப்படும்போது மட்டும் கேளுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அந்தப் பட்டியல் காவல்துறைக்குப் போகாது என்று எழுத்தில் இருந்தால் என் எதிர்ப்பில் பாதியைக் கைவிடுகிறேன். செலவு பற்றிய மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது.