போர்டில் 10 நிமிடம், விசில் அதையும் தாண்டி: கால்பந்தில் நேரம் யார் கையில்?

கேலரி_ரசிகன்:
2022 உலகக் கோப்பை இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் பாதி முடியும்போது நாலாவது நடுவர் கூடுதல் நேரம் 10 நிமிடம் என்று போர்டு தூக்குகிறார், ஆனால் ஈரானின் தாரெமி பெனால்டி அடிக்கும்போது 90-க்கு மேல் 13 நிமிடம் ஆகிவிட்டது. சொன்னதைத் தாண்டிப் போகலாமா? கூடைப்பந்து போல கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் என்ன?

டச்லைன்:
தாராளமாகப் போகலாம். போர்டில் வருவது குறைந்தபட்சம்தான். அதை ரெஃப்ரி கூட்டலாம், குறைக்க முடியாது. எவ்வளவு என்று முடிவு செய்வதும் அவர்தான், நாலாவது நடுவர் காட்டுவதோடு சரி. நீங்கள் சொன்ன ஆட்டத்தில் அந்தக் கூடுதல் நேரத்தில் வார் (VAR, வீடியோ உதவி நடுவர் முறை) பார்க்க ரெஃப்ரி திரைக்குப் போனார், அந்த நேரமும் சேரும். பெனால்டி கொடுத்துவிட்டால் அதை அடித்து முடிக்கும்வரை பாதியை நீட்டியே ஆக வேண்டும்.

நான் உள்ளூர் லீக்கில் விசில் ஊதுகிறேன். இரண்டு வாட்ச் கட்டுவேன். ஒன்று நிற்காமல் ஓடும், இன்னொன்றை யாராவது அடிபட்டு விழுந்தாலோ ஆள் மாற்றினாலோ நிறுத்துவேன், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இஞ்சுரி டைம், அதாவது அந்தக் கூடுதல் நேரம். ஜெயித்துக்கொண்டிருக்கும் டீம் ஆள் மாற்றும்போது பாருங்கள், வெளியே வர வேண்டியவன் ஷூ லேஸைக் கட்டுவான், எல்லோருக்கும் கை கொடுப்பான். 2019-லிருந்து பக்கத்தில் இருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியேற வேண்டும் என்று விதியே வந்துவிட்டது, ஆனாலும் மெதுவாக நடக்கிறவனை என்ன செய்ய, வாட்ச் பட்டனைத்தான் அழுத்த முடியும். த்ரோ-இன் (வெளியே போன பந்தைக் கையால் எறிவது), கோல் கிக் (கோல் முன்னாலிருந்து உதைப்பது) எல்லாம் வழக்கமான வேகத்தில் போனால் கணக்கில் வராது.

மிட்ஃபீல்டு_மணி:
எல்லாம் ஒருவர் கையில் இருப்பதுதான் பிரச்சினை. 1978 உலகக் கோப்பையில் பிரேசில் - சுவீடன், 1-1. கடைசி நொடியில் பிரேசிலுக்குக் கார்னர், பந்து காற்றில் இருக்கும்போதே ரெஃப்ரி கிளைவ் தாமஸ் விசில் ஊதிவிட்டார், பிரேசிலின் சீக்கோ தலையால் முட்டி உள்ளே போட்டது கோல் இல்லை. விதிப்படி சரிதான், கார்னருக்காக நேரத்தை நீட்டத் தேவையில்லை. ஆனால் அந்தக் கார்னரை அடிக்கவே விட்டிருக்கக் கூடாது. 2022 ஆப்பிரிக்கக் கோப்பை துனீசியா - மாலி ஆட்டம் இன்னும் மோசம். ரெஃப்ரி 85-வது நிமிடத்தில் ஒரு தடவை முடித்தார், திரும்பத் தொடங்கி 90 ஆவதற்குள்ளேயே மறுபடியும் முடித்துவிட்டார். பிறகு ஆட வரச் சொன்னபோது துனீசியா வரவே இல்லை.

கேலரி_ரசிகன்:
அதனால்தான் கேட்கிறேன், கடிகாரத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினால் இந்தச் சண்டையே இல்லையே?

டச்லைன்:
கால்பந்து விதிகளை வகுப்பவர்கள் 2017-லேயே பேசினார்கள், பந்து ஓடும் நேரம் மட்டும் பாதிக்கு 30 நிமிடம் என்று. எனக்கு உடன்பாடில்லை. எங்கள் கிரவுண்டில் ஸ்கோர் போர்டே கிடையாது, தனியாகக் கடிகாரம் பார்க்க ஆளுக்கு எங்கே போவது? அதைவிட நேரம் கடத்துகிறவனுக்கு அங்கேயே தண்டனை கொடுப்பது நல்லது. இப்போது கோல்கீப்பர் 8 விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், கடைசி 5 விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல் மடக்கி எண்ணுகிறார். இதே கணக்கை கோல் கிக்குக்கும் த்ரோ-இன்னுக்கும் எல்லா மட்டத்திலும் கறாராகக் கொண்டுவர வேண்டும்.