மறு: நியூரோட்டிசிசம்: தமிழில் என்ன சொல்லலாம்?

> 'நரம்பியக் குணம்' என்றே வைத்துவிடலாமே. வேர்ச்சொல்லோடு ஒத்துப்போகிறது.

ஐயா, வேர்ச்சொல்லோடு ஒத்துப்போவதுதான் சிக்கலே. நாள்பட்ட தலைவலி பற்றிய கையேட்டின் முதல் படியை எங்கள் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். நெற்றியில் தைலம் பளபளக்க, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசித்தவர், அந்தச் சொல் வந்ததும் நின்றுவிட்டார். "எனக்கு நரம்புத் தளர்ச்சிங்கிறியா?" பேருந்து நிலையச் சுவரொட்டிகள் நரம்பை என்ன பாடு படுத்தியிருக்கின்றன என்று சொல்லவேண்டியதில்லை.

உளவியலில் நியூரோட்டிசிசம் நோயே அல்ல. ஐம்பெரும் ஆளுமைப் பண்புகளில் ஒன்று. எல்லாரிடமும் கூடவோ குறையவோ இருப்பது. சட்டென்று கவலையும் எரிச்சலும் வரும், வந்தது லேசில் அடங்காது.

என் பரிந்துரை: கலங்குமை. கடத்துமை (conductivity), ஊடுருவுமை (permeability) வரிசையில் வருகிறது. இப்போது கலங்கியிருக்கிறார் என்பதல்ல, கலங்கும் இயல்பு உள்ளவர் என்பதே பொருள். குளமும் கலங்கும், மனசும் கலங்கும், விளக்கமே வேண்டாம். 'பதற்றம்' என்றும் ஒருவர் சொன்னார். அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ஆளைக் குறிக்க மட்டும் 'கலங்குமையர்' என்று கிளம்பிவிடாதீர்கள், ஏதோ குலப்பெயர் மாதிரி ஒலிக்கிறது. 'கலங்குமை கூடியவர்' போதும்.

அப்புறம், 'ஒற்றைத் தலைவலி ஆளுமை' என்ற தொடர். நம் கலைச்சொல் பட்டியலில் வைப்பதானால் பழைய வழக்கு என்று குறித்து வையுங்கள். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹரால்டு வுல்ஃப் 1937இல் எழுதியதில் தொடங்கிய சித்திரம் அது: எதிலும் ஒழுங்கு, குறையே கூடாது என்ற பிடிவாதம், முன்னேறும் வேகம். அவருக்கே ஒற்றைத் தலைவலி உண்டு என்பது வேடிக்கை. வைத்தியம் தேடி வந்தவர்களைப் பார்த்து வரைந்ததை, வீட்டில் தைலம் தடவிக்கொண்டு கிடப்பவர்களுக்கும் எப்படிப் பொருத்துவது? பின்னாளைய ஆய்வுகளில் அடிக்கடி தலைகாட்டுவது கலங்குமைதான். அதிலும் தலைவலி முந்தியா, கலங்குமை முந்தியா என்ற வழக்கு தீரவில்லை. மாதத்தில் 15 நாளாவது வலித்து, அது 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்கிறார்கள். அப்படி வலித்தால் யார்தான் கலங்கமாட்டார்? அதனால் கையேட்டில் 'காரணம்' என்றிருந்த இடங்களை எல்லாம் 'தொடர்பு' என்று மாற்றிவிட்டேன்.

கலங்குமையின் எதிர்முனைக்கு, அதாவது லேசில் கலங்காத இயல்புக்குத்தான் சொல் அகப்படவில்லை. 'தெளிவு' என்றால் அறிவைச் சொல்வதாகிவிடும், 'நிலைகுலையாமை' நீளம். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.