மறு: மறு: ‘ஆக்டிவ் டிரான்ஸ்போர்ட்’ தமிழில்?

> ‘செயல்மிகு கடத்தல்’ என்றே போட்டுவிடலாமே.

ஐயா, செல்சவ்வின் வழியே ஆற்றல் செலவழித்துப் பொருள்களைச் செலுத்துவதற்குத்தான் பெயர் தேடுகிறோம். பாடக்குறிப்பு நாளை காலை அச்சுக்குப் போகிறது, எனக்கு இடறுவதே அந்தச் ‘செயல்மிகு’தான். செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாக நடக்கும் பரவலிலும் மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்துகொண்டுதானே இருக்கின்றன? ஆற்றல் செலவில்தான் வேறுபாடு. சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு என்ற புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றை உடைத்து 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளுகிறது, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இரண்டுமே செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு. மேட்டில் ஏற்றுகிற வேலை. அந்த ஏற்றம் பெயரில் தெரிய வேண்டாமா?

> ‘கடத்தல்’ என்றாலே வகுப்பில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும், அம்மா. ‘கட’ என்பதன் பிறவினை ‘கடத்து’. சவ்வைக் கடக்கச் செய்வதற்கு இதைவிட நேரான வினை கிடையாது. மின்கடத்தி என்று படிக்கும்போது யாரும் திருட்டுச் சரக்கை நினைப்பதில்லை.

அப்புறம் இன்னொரு பெயர், ‘எதிருய்ப்பு’, அதாவது எதிர்ப்பக்கம் செலுத்துதல். 422ஆம் குறளைப் பாருங்கள்: ‘சென்ற இடத்தால் செலவிடா’. மனத்தைப் போன போக்கில் விடாமல் நன்றின்பால் உய்ப்பது அறிவு. போன போக்கில் விட்டால் பரவல், மறித்து வேறு பக்கம் செலுத்தினால் உய்ப்பு! இரண்டு நாளாக இதே நினைப்புதான். ஆனால் படிக்கிற பிள்ளை அகராதியைத் தேடிப் போனால் சவ்வு மறந்துவிடும். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

> குளுக்கோஸ் சோடியத்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும்போது ஏ.டி.பி. செலவாவதில்லையே?

நல்ல கேள்வி. சோடியம் சரிவில் இறங்குகிறது, அந்த வேகத்தில் குளுக்கோஸ் மேடேறுகிறது. ஆனால் அந்தச் சரிவை உண்டாக்கி வைத்ததே பம்புதான், ஏ.டி.பி. செலவழித்து. ஆகவே பெயரில் ஏ.டி.பி. வேண்டாம், ‘ஆற்றல்’ என்று பொதுவாக இருக்கட்டும். ‘ஆற்றல்வழிக் கடத்தல்’. யாருக்கும் மறுப்பு உண்டா?

----

சரி, என் ஒப்புதல். ஆனால் ‘பம்பு’ வேண்டாமே, ‘எக்கி’ இருக்கிறது.

----

எனக்கும் சம்மதம். ‘பம்பு’ அப்படியே இருக்கட்டும், எல்லாருக்கும் புரிகிறது.

----

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் ‘ஆற்றல்வழி’ என்றால் ஆற்றல் போகும் பாதை என்றும் பொருள்படும். ஏற்றம் பெயரில் தெரிய வேண்டாமா என்று நீங்களே கேட்டுவிட்டு, கடைசியில் ஏற்றத்தையே விட்டுவிட்டீர்கள். ‘ஏற்றக் கடத்தல்’ என்ற என் பரிந்துரையை நான் விலக்கிக்கொள்ளவில்லை.